விடத் தெரியாதவள்

தலைச்சோலை,
12.8.2024

அன்புள்ள அண்ணாவுக்கு மேனகா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். மழை விட்டு இரண்டு நாளாகிறது. உங்கள் இருமல் குறைந்ததா? போன மாதம் மனுப் போட்டுப் பார்த்துவிட்டு வந்த அம்மா, "அவன் நொம்ப எளச்சுப் போயிட்டான் கண்ணு, கழுத்தெலும்பு தெரியுது" என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். சிறையிலிருந்து போன் பேசலாமாம். அம்மா அழுவதைக் கேட்க முடியவில்லை என்று நீங்கள்தான் வேண்டாம் என்கிறீர்களாம். சரி, கடிதத்தில் அழுகை கேட்காது.

வக்கீல் மேகலா மேடத்தைச் சேலத்தில் பார்த்தேன். ஒரு கிரிக்கெட் கோச்சின் முழங்காலை உடைத்ததற்கு, முதல் வழக்கிலேயே இரண்டு வருடம் என்பது அதிகம் என்கிறார். கெடு கடந்துவிட்டாலும் காரணம் காட்டி அப்பீல் போடலாமாம். "உங்க அண்ணன் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், ஜாமீன்லயே வெளிய கொண்டாந்துடலாம். ஏன் போட மாட்டேங்கறாரு?" என்று கேட்டார். தெரியவில்லை என்று சொன்னேன்.

காகிதங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள் அண்ணா.

இன்னொன்று. மேற்கு மண்டலப் பெண்கள் அணிக்கு அடுத்த மாதம் தேர்வு. ஒண்டிக்கடை முக்கில் செருப்புக்கடை வைத்திருக்கும் ஹனீபா பாய் மகள் ஆஃப்ரின்தான் இந்த வருடம் கேப்டன். நேற்று வீட்டுக்கே வந்து, "வாடி, உன்னைய விட்டா எனக்கு ஆளில்ல" என்றாள். நான் பேட்டைத் தொட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். உறையைப் பிரிக்கவில்லை. மறுபடி ஏற்றிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தங்கை
மேனகா


மத்திய சிறை, கோயம்புத்தூர்,
27.8.2024

மேனகா கண்ணுக்கு அண்ணன் மாதேஸ்வரன் எழுதுவது.

கடிதம் கிடைத்தது. இருமல் போய்விட்டது. தறிக்கூடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள். ஜீப் ஓட்டிய கைக்குத் தறி இன்னும் பிடிபடவில்லை, ஆனால் பொழுது போகிறது. அம்மாவிடம் சொல், மூன்று வேளையும் சாப்பிடுகிறேன்.

முதலில் ஒன்று. இங்கே வருகிற கடிதத்தையும் போகிற கடிதத்தையும் ஆபீஸில் ஒரு ஐயா படித்துவிட்டுத்தான் கொடுப்பார். நல்ல மனுஷன். அவர் படிப்பார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு எழுது.

அப்பீல் வேண்டாம். காகிதங்களைத் திருப்பி அனுப்புகிறேன். சந்திரசேகரை அடித்தவன் நான். கோர்ட்டில் ஒத்துக்கொண்டேன். அடிபட்டவரும் என்னைப் பார்த்துத்தான் கை நீட்டினார். வேறு யாருக்கும் இதில் பேச்சில்லை. இதைப் பற்றி இனி எழுதாதே.

தேர்வுக்குப் போ. மூன்று வருடம் உன்னை இருபது ஓவர் ஆட்டத்துக்கு மட்டும் எடுத்தான் அந்த ஆள். மூன்று நாள் ஆட்டம் வந்தால் தண்ணீர் பாட்டில் தூக்க விட்டான். நாகலூர் எஸ்டேட்டில் லீவு போட்டுவிட்டு வந்து, நீ பாட்டில் தூக்குவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவன் நான். நான் இங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் நீ அந்த ஆளிடமிருந்து எதையாவது பிடுங்க வேண்டும். பரணிலிருந்து இறக்கு.

அண்ணன்
மாதேஸ்வரன்


தலைச்சோலை,
20.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருவரும் நலம். தோட்டத்தில் மிளகுக் கொடி நன்றாகப் பிடித்திருக்கிறது. தறியில் கை பழகிவிட்டதா?

தேர்வில் எடுத்துவிட்டார்கள். நான் தயங்கித் தயங்கி பேட் பிடித்ததைப் பார்த்துவிட்டு ஆஃப்ரின் வேகமாகவே போட்டாள். மூன்றாவது பந்து விலாவில் பட்டது. நாலாவது பந்தை எல்லைக்கு அனுப்பினேன்.

சந்திரசேகர் சார் இப்போது நம் மண்டலத்தில் இல்லை. ஆபரேஷன் முடிந்து கிழக்கு மண்டலத்துக்குக் கோச்சாகப் போய்விட்டார். அவர் என்னைப் பற்றி எழுதிவைத்த ரிப்போர்ட் மட்டும் இங்கேயே இருக்கிறது. புது கோச் அதை எடுத்துக் காட்டினார். மூன்றே வரி. "நல்ல கை, நல்ல கண். ஆனால் பந்தை விடத் தெரியாது. நீண்ட ஆட்டத்துக்கு உதவ மாட்டார்." அடியில் பச்சை மையில் கையெழுத்து.

அடிக்கிறவளுக்கு மூன்று நாள் ஆட்டத்தில் இடமில்லை என்பது அவர் கட்சி. அதைப் பொய்யாக்க நான் என்ன செய்ய வேண்டும் என்று தினமும் யோசிக்கிறேன். எதையும் அடிக்காமல் நாள் முழுக்க நின்று காட்டுவதா? இல்லை, எதையும் விடாமல் அடித்துக் காட்டுவதா? நீங்கள் சொல்லுங்கள்.

காகிதங்களை மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

மேனகா


மத்திய சிறை, கோயம்புத்தூர்,
6.10.2024

மேனகா கண்ணுக்கு,

நலம். கண்ணில் நீர் வடிகிறது என்று அம்மா போன மனுவில் சொன்னாளே, ஆஸ்பத்திரியில் காட்டினாயா?

காகிதங்களை மறுபடி திருப்பிவிட்டேன். மூன்றாவது தடவை அனுப்பினால் கிழித்துப் போடுவேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அடி. முதல் பந்திலிருந்து அடி. நின்று காட்டினால் அந்த ஆள், "பார், நான் சொல்லித்தான் திருந்தினாள்" என்பான். உன் அடியாலேயே அவன் தோற்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டும்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பந்தில் ஆடுகிறோம். என் தங்கை மண்டல அணியில் ஆடுகிறாள் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. பேப்பரில் உன் பெயர் வரவேண்டும்.

அண்ணன்


தலைச்சோலை,
30.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை. நானும் நலம். பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர் ஊராக ஆட்டம்.

தெற்கு மண்டலத்தோடு முதல் இன்னிங்ஸில் நீங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. எல்லாப் பந்தையும் விட்டேன். நாற்பத்தொரு பந்தில் நாலு ரன். நாற்பத்திரண்டாவது பந்து ஸ்டம்பைத் தட்டிவிட்டது. "ஏண்டி, ஸ்கூல் பிரேயர்ல நிக்கற மாதிரியே நின்னே?" என்று ஆஃப்ரின் திட்டினாள். இரண்டாவது இன்னிங்ஸில் நீங்கள் சொன்னபடி ஆடினேன். முப்பத்தைந்து பந்தில் அறுபத்தொன்று. பிறகு ஒரு மோசமான பந்தைத் தூக்கி அடித்து நேராகக் கையில் கொடுத்தேன். ஆட்டம் டிராவானது. இரண்டு விதத்திலும் அவர் சொன்னதுதான் உண்மையானதுபோல் இருந்தது. அன்று சாப்பிடவில்லை.

அப்படியும் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டோம். ஜனவரி கடைசியில், சேலத்தில். எதிரணி கிழக்கு மண்டலம்.

சந்திரசேகர் சாருடைய பேட்டி ஒன்று பேப்பரில் வந்திருந்தது. "இருபது ஓவர் பழக்கத்தோடு மூன்று நாள் ஆட்டத்துக்கு வருகிறவர்கள் விருந்தாளிகள். சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குடும்பம் நடத்த மாட்டார்கள்" என்று சொல்லியிருக்கிறார். காலைப் பற்றி நிருபர் கேட்டதற்கு, "ஒரு முரடன் செய்த வேலை. மன்னித்துவிட்டேன்" என்று பதில்.

முரடன். அந்த வார்த்தையை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. கோர்ட்டில் அவர் உங்களைப் பார்த்துக் கை நீட்டியபோது நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் அண்ணா. அப்போது எழுந்திருக்காமல் இருந்த என் மேல்...

சரி, ஐயா படிப்பார். நிறுத்திக்கொள்கிறேன்.

மேனகா


மத்திய சிறை, கோயம்புத்தூர்,
11.12.2024

கண்ணு,

நலம். உன் கடிதத்தின் கடைசி வரிகளை இனி எப்போதும் எழுதாதே. பாதி எழுதி நிறுத்துவதும் எழுதுவதுதான்.

முதல் பந்திலிருந்து அடி என்று நான் சொன்னது தப்பு. தறி முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒரே கியரில் ஏற முடியுமா? வளைவில் அடக்கி, நேர் ரோட்டில் மிதிக்க வேண்டும். அப்படி ஓட்டுகிறவனை யாராவது பயந்தவன் என்பார்களா? முன்னால் போய்ச் சேருகிறவன் அவன்தான். மிதிக்க வேண்டிய இடம் எது என்று நீயே பார்த்துக்கொள். ஆனால் மிதிக்கும்போது காலை எடுக்காதே.

அந்த ஆளிடம் போய்ப் பேசாதே. ஒரு வார்த்தை வேண்டாம். பந்து அடிபடுகிற சத்தம் அவன் காதில் விழுந்தால் போதும்.

அண்ணன்


தலைச்சோலை,
2.2.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் இதற்குள் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஆனாலும் நான் சொல்லித்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

முதல் நாள் அவர்கள் 286. மறுநாள் நாங்கள் 141-க்குச் சுருண்டோம். நான் இருபத்தொன்பது பந்தில் 38 அடித்தேன். சந்திரசேகர் சார் எனக்காகவே எல்லைக் கோட்டில் இரண்டு பேரை நிறுத்தியிருந்தார். தெரிந்தே அடித்தேன், அதில் ஒருத்தி கையில் போய் விழுந்தது. நான் வெளியே வரும்போது கூடாரத்தில் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்தவரிடம், "விருந்தாளி சாப்பிட்டாச்சு" என்றார். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார்.

இரண்டாவது இன்னிங்ஸில் அவர்களை 172-க்குச் சுருட்டினோம். மூன்றாம் நாள் காலை நாங்கள் 318 எடுத்தால் ஜெயம். தொண்ணூறு ஓவர். டிரா ஆனால் முதல் இன்னிங்ஸில் முன்னால் இருந்த அவர்களுக்குத்தான் கோப்பை. ஆகவே நின்றால் போதாது, ஜெயித்தாக வேண்டும்.

மைதானத்திலிருந்து பார்த்தால் நம் மலை முழுசாகத் தெரிகிறது. நான் அதைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு பேரைத்தான் பார்த்தேன். அதே இடத்தில் நின்றிருந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் பக்கம் ஒரு பந்தும் போகாது என்று முடிவு செய்தேன். விட்டேன். வெளியே போனதையும் விட்டேன், அடிக்கக்கூடியதையும் விட்டேன். மறுமுனையில் மூன்று விக்கெட் போனது. சாப்பாட்டு நேரத்தில் 58. அதில் நான் எழுபத்துநாலு பந்து ஆடி 11.

சாப்பிட உட்கார்ந்தபோது ஆஃப்ரின், "கோப்பையைக் குடுத்தனுப்பறதுன்னு முடிவு பண்ணிட்டியா?" என்றாள். "சித்த பொறுடி. அவிங்க கிட்ட வரட்டும்" என்றேன்.

வந்தார்கள் அண்ணா. சாப்பாட்டுக்குப் பிறகு அவர் கூடாரத்திலிருந்து கையசைத்தார். எல்லைக் கோட்டில் நின்ற இருவரும் ஓடி வந்து என் பேட்டுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றார்கள். ஸ்லிப்பில் மூன்று பேர். நான் பயந்துவிட்டேன் என்று அவர் நம்பிவிட்டார். எனக்குப் பின்னால் மைதானம் காலி, முன்னாலும் காலி. இருபது ஓவர் ஆட்டத்தில் நான் உள்ளே வரும்போதே எல்லோரும் சிதறி ஓடிவிடுவார்கள். மூன்று நாள் ஆட்டத்தில்தான் அவர்களைப் பக்கத்தில் கூப்பிட நேரம் இருக்கிறது. அடிக்கிறவளுக்கு இதைவிட நல்ல ஆட்டம் கிடையாது. இருபத்தைந்து வருடம் கோச்சாக இருந்தும் இது அவருக்குத் தெரியவில்லை.

முதல் பந்தைச் சுழல் பந்துக்காரியின் தலைக்கு மேலே அனுப்பினேன். அதற்கப்புறம் காலை எடுக்கவில்லை. டீ நேரத்தில் எனக்கு 79. அவர் மறுபடி எல்லோரையும் எல்லைக்கு விரட்டினார். அப்போது ஒன்று, இரண்டாக ஓடினேன். உள்ளே இழுத்தார், மேலே தூக்கினேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் கூடாரம் லாங் ஆன் பக்கம் இருந்தது. அந்தப் பக்கம் அடிக்க வேண்டிய அவசியம் எல்லா நேரமும் இல்லை. ஆனாலும் அடித்தேன். ஒன்று கூடாரத் துணியில் விழுந்தது. ஒன்று டீ கிளாஸ்கள் இருந்த மேசையில் விழுந்து, எல்லாம் உடைந்தது. மூன்று தடவை அவருக்கு நாற்காலியை மாற்றிப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ஒருத்தர் அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. நான் ஸ்டம்புக்குப் பக்கத்தில் நின்று, அவர் எழுந்து உட்காரும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்த பந்துக்குத் தயாரானேன்.

எட்டு விக்கெட் போய், பதினாலு பந்து மீதம் இருக்கும்போது ஜெயித்தோம். நான் 164, அவுட்டில்லை. மறுமுனையில் ஆஃப்ரின் இருந்தாள். ஓடி வந்து என்னைத் தூக்கியவள் பாரம் தாங்காமல் கீழே போட்டுவிட்டாள். அம்மா பெவிலியனில் நின்று, "போதும் சாமி, போதும்" என்று கத்திக்கொண்டிருந்தாளாம். ஆட்டம் முடிந்தது அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு கூடாரத்துக்குப் போனேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தீர்கள். அங்கே பேசியதை இப்போது எழுதவில்லை.

மேனகா


மத்திய சிறை, கோயம்புத்தூர்,
10.2.2025

என் கண்ணுக்கு,

நலம், நலம், நலம். பேப்பரில் உன் போட்டோவை ஐயாவே வெட்டிக் கொடுத்தார். நாலு பிளாக்குக்கும் சுற்றிப் போய்வந்து, இப்போது கசங்கிக் கிடக்கிறது. டீ கிளாஸ் உடைந்த இடத்தை மட்டும் எல்லோருக்கும் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டினேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி என்னைப் பற்றிக் கவலைப்படாதே. என் பாக்கி தீர்ந்தது. மீதி நாளை நான் சிரித்துக்கொண்டே கழிப்பேன்.

கூடாரத்தில் என்ன பேசினாய்? உடனே எழுது.

அண்ணன்


மத்திய சிறை, கோயம்புத்தூர்,
16.3.2025

மேனகா,

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அம்மா நேற்று மனுவில் வந்தாள். "மேனகா எங்கம்மா?" என்றேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "சேலத்துக்குப் போயிருக்குது சாமி" என்றாள். "ஆட்டமா?" என்றேன். "இல்ல, வக்கீலம்மா ஊட்டுக்கு" என்றாள். அதற்குமேல் கேட்டதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

நீ என்ன செய்கிறாய்? எது செய்வதாக இருந்தாலும் செய்யாதே. ஜெயித்துவிட்டாய். அத்தோடு விடு.

அண்ணன்


தலைச்சோலை,
24.3.2025

அன்புள்ள அண்ணாவுக்கும், இதை முதலில் படிக்கும் ஆபீஸ் ஐயாவுக்கும் மேனகா எழுதுவது.

இருவரும் நலமாக இருக்க வேண்டும். ஐயா, இந்தக் கடிதத்தை மறைக்க வேண்டியதில்லை. இதில் இருப்பதை முந்தாநாள் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சந்திரசேகர் சாரின் முழங்காலை உடைத்தது நான். என் அண்ணன் இல்லை.

2023 பிப்ரவரியில், பயிற்சி முடிந்து சாயங்காலம் நாலரை மணிக்கு, சாமான் அறையில் அவர் தனியாக இருந்தார். ஏன் என்னை மூன்று நாள் ஆட்டத்துக்கு எடுப்பதில்லை என்று கேட்கப் போனேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்புப் பந்துகளைப் பையில் போட்டுக்கொண்டே, "உன் கை காபிக் கொட்டை பறிக்கிற கை. சிவப்பா எதைப் பார்த்தாலும் பறிக்கத்தான் தோணும். உங்கம்மா கூட எஸ்டேட்டுக்குப் போ, கூலியாவது கிடைக்கும்" என்றார்.

அடித்தேன். விழுந்தார். விழுந்த பிறகு இன்னொரு தடவை அதே காலில் அடித்தேன். முதல் அடி கோபத்தில் விழுந்தது. இரண்டாவது அடி விழுந்தபோது எனக்குக் கோபம் இல்லை. எங்கே அடிக்கிறேன் என்று பார்த்து அடித்தேன். அதையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வழக்கம்போல் வேலிக்கு வெளியே நின்றிருந்த அண்ணன் சத்தம் கேட்டு ஓடி வந்து, பேட்டை என் கையிலிருந்து பிடுங்கினார். "ஆஃப்ரின் பஸ்ஸுல இருக்குது. ஓடிப் போய் ஏறிக்க. நீ இங்க வரவேயில்ல" என்றார். நான் ஓடினேன். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்பு கேட்கும்வரை ஓடிக்கொண்டே இருந்தேன்.

அண்ணா, நீங்கள் என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னீர்கள். அது எனக்குப் புரியும். அவர் ஏன் அதே பொய்யைச் சொன்னார் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை. அதைக் கேட்கத்தான் கூடாரத்துக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் பக்கத்திலிருந்தவர்களை அனுப்பிவிட்டார். "நல்லா ஆடினே. நான் எழுதினது தப்புன்னு சொல்லணும், அவ்வளவுதானே? சொல்லிடறேன்" என்றார்.

"அது வேண்டாமுங்க சார். கோர்ட்டுல சொன்னதைத் திருத்திச் சொல்லுங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார். "ஒரு பொண்ணு கையால அடி வாங்கி விழுந்தேன்னு சொல்லிட்டு நான் எந்த கிரவுண்டுல போய் நிக்கிறது? ஒரு முரட்டு ஆம்பளை அடிச்சான்னா நாலு பேர் பாவம்னு சொல்லுவாங்க. உங்க அண்ணனே ஒத்துக்கிட்டான். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. விடு" என்றார்.

"எனக்கு விடத் தெரியாதுன்னு நீங்கதானுங்களே எழுதுனீங்க" என்றேன்.

நீங்கள் அங்கே கிடப்பது என்னைக் காப்பாற்ற என்று இத்தனை நாள் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது, அவருடைய மானத்தைக் காப்பாற்றவும் சேர்த்துத்தான் நீங்கள் தறி ஓட்டுகிறீர்கள் என்று. அதற்கு ஒரு நாள்கூட நான் கொடுக்க மாட்டேன்.

164 ரன்னை அவர் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார். இதை மறக்க விடமாட்டேன். அவரை மறுபடி கூண்டில் ஏற்ற வேண்டும். அதற்கு உங்கள் அப்பீல் வேண்டும். மேகலா மேடம் எல்லாம் சொன்னார். என் மேல் வழக்கு வரும். உங்கள் மேலும் பொய் சொன்னதற்கு வரலாம். என் ஆட்டம் போகும். தெரிந்துதான் கேட்கிறேன். காகிதங்களை மூன்றாவது தடவையாக வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுங்கள்.

மேனகா


மத்திய சிறை, கோயம்புத்தூர்,
4.5.2025

மேனகா,

ஒரு மாதமாக உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். பாழாக்கிவிட்டாய். பதினொரு மாதம் இங்கே கிடந்தது நீ வெள்ளைச் சட்டை போட்டு ஆட வேண்டும் என்றுதான். ஆடினாய், ஜெயித்தாய், பிறகு அதை நீயே கொளுத்திவிட்டாய்.

நேற்று அம்மா வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "ஏஞ்சாமி, நீ பொய் சொல்லி உள்ள இருக்கறே. அது உண்மையச் சொல்லிப்போட்டு ஊட்டுல படுத்து நிம்மதியாத் தூங்குது. யாரைய நாங் கோவிச்சுக்கறது?" என்றாள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். கோபம் அப்படியேதான் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாதேஸ்வரன்


தலைச்சோலை,
20.6.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவுக்குக் கண் தெளிந்துவிட்டது. உங்கள் ஜாமீன் உத்தரவை மேகலா மேடம் திங்கட்கிழமை நேரில் கொண்டுவருகிறார். அதற்குமுன் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்று இன்றே போடுகிறேன். நேரில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

நேற்று சேலம் கோர்ட்டில் சந்திரசேகர் சாரை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். கூட்டம் இருந்தது. பேப்பர்காரர்கள் இருந்தார்கள். கிழக்கு மண்டலப் பெண்கள் நாலு பேர் யூனிபார்மிலேயே வந்திருந்தார்கள். இந்தத் தடவை நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

மேகலா மேடம் ஒரே கேள்விதான் கேட்டார். "உங்களை அடிச்சது யாருங்க?"

அவர் கதவைப் பார்த்தார். மேடம் இன்னொரு தடவை கேட்கவில்லை. நீதிபதிதான், "சொல்லுங்க" என்றார். டைப் அடிக்கிற அம்மா விரல்களை விசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் ஏதோ முணுமுணுத்தார். "சத்தமாச் சொல்லுங்க, பதிவாகணும்" என்றார் நீதிபதி.

"இந்தப் பொண்ணுதான்" என்றார். என்னைப் பார்த்துக் கை நீட்டினார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். யார் என்று அவர் தேடினார். கிழக்கு மண்டலப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். டைப் சத்தம் நின்ற பிறகும் அவர் கை இறங்கவில்லை.

எனக்கு வருத்தமாக இருக்கும் என்று மேகலா மேடம் நினைத்து, வெளியே வந்ததும் தோளில் கை போட்டார். வருத்தமாக இல்லை அண்ணா. சந்தோஷமாக இருந்தது. 164 அடித்த அன்றுகூட இப்படி இல்லை. கோர்ட்டுக்கு எதிரே இருந்த கடையில் ஆஃப்ரினும் நானும் ஆளுக்கு இரண்டு பிரியாணி சாப்பிட்டோம்.

ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டேன். கூண்டிலிருந்து அவர் இறங்க மூன்று படி. கம்பியைப் பிடித்து ஒரு காலை வைத்து, மறு காலை இழுத்து, ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தேன். அந்தக் காலை அப்படி ஆக்கியது நான்தான், அதற்கான தண்டனையை வாங்கிக்கொள்வேன். ஆனால் கை கொடுக்கவில்லை. கொடுத்திருக்க வேண்டுமா என்று நீங்கள் வந்தபிறகு சொல்லுங்கள்.

வழக்கு முடியும்வரை என்னை எந்த ஆட்டத்திலும் சேர்க்கக் கூடாது என்று கிரிக்கெட் சங்கத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆஃப்ரின் அதைப் படித்துவிட்டு அழுதாள். நான் அம்மாவோடு பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை உங்களைக் கூட்டிவர அம்மாவும் ஆஃப்ரினும் வருகிறார்கள். ஹனீபா பாய் உங்களுக்குப் புதுச் செருப்பு கொடுத்தனுப்புகிறார், ஒன்பதாம் நம்பர்தானே? எனக்கு ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. அதனால் கேட்டுக்கு என்னால் வர முடியாது. நீங்கள் கோபத்தோடு வந்தாலும் சரி. வந்து சேருங்கள்.

உங்கள் தங்கை
மேனகா